இசக்கிமுத்து மாட்டிய அட்டை

ஐஸ் பெட்டியின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே சொருகலாம் என்று கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் குனிந்த கொளஞ்சிநாதன், சுவிட்சைப் பார்த்ததும் தேளைக் கண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“ஃபோர்மேன், இங்க வந்து பாருங்க. அண்ணன் கார்டு மாட்டி வச்சிருக்குது.”

பன்னீர்செல்வம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். சுவிட்சின் மேல் நூலில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து ஓடுகிற பெல்ட்டைப் பழுது பார்க்க இறங்குகிறவர்கள், மேலே இருக்கிறவன் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாதே என்று சுவிட்சில் மாட்டிவிட்டுப் போவார்களே, அதே மாதிரி. பழைய காலண்டர் அட்டையை வெட்டி, சிவப்புக் காகிதம் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ‘இயக்காதே. ஆள் வேலையில். பெயர்: இசக்கிமுத்து. காரணம்: பாதி வேலை நடக்கிறது.’

“தொடாத. பக்கத்து வீட்லேர்ந்து ஒயர இழு,” என்றார் பன்னீர்செல்வம்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவின் மனைவி தமயந்தி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விடிகாலை ஐந்து மணிக்கு முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிய மனுஷன், சட்டையில் மூன்றாவது பொத்தானைப் போட்டவர், “ஒரு வாய் தண்ணி குடு” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் செம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் திரும்பிக் கொண்டுவந்ததும் எல்லாம் வெறும் அலைச்சல். ரிட்டையர் ஆக இன்னும் ஏழு மாதம் இருந்தது. போன பிறகும் வீட்டில் ஒரு சுவிட்சை யாரும் தொட முடியாதபடி உத்தரவு போட்டு வைத்திருக்கிறார் பாரேன் என்று அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஒன்பதரைக்கு மெல்போர்னிலிருந்து போன். ஒரே மகள் இளவேனில். எட்டு மாதக் கர்ப்பம். விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறினாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது.

“எத்தன மணிக்கும்மா எடுக்கறாங்க?”

“நாலு மணிக்குங்காங்க.”

“அதுக்குள்ள கம்ப்யூட்டர ஆன் பண்ணி வைங்கம்மா. நான் அப்பாவப் பாக்கணும்.”

“போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுதேன் ராசாத்தி.”

“போட்டோ வேணாம்மா. நான் அங்க வந்து உக்காந்திருக்கணும். எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் இல்ல.” மாப்பிள்ளை போனை வாங்கி, “அத்தை, யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா...” என்று இழுத்தார்.

தெரிஞ்சவங்களுக்கா பஞ்சம். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இசக்கிமுத்துவின் மாணவர்கள். மகள் கல்யாணமாகி மெல்போர்னுக்குப் போன அந்த வருஷத்தில், எட்டாம் வகுப்பு படித்த அந்த பெல்ட் ஆபரேட்டர், மெயின் பஜாரில் காலேஜ் பெண்களோடு உட்கார்ந்து நாற்பத்தைந்து நாள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தார். வந்த கையோடு குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பலகையும் மாட்டினார்: ‘புதியவர்களுக்குக் கம்ப்யூட்டர். ஞாயிறு மாலை நான்கு. இலவசம். பயம் இருந்தால் வெளியே விட்டுவிட்டு வரவும்.’ பாடங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். முதல் பாடத்தின் முதல் வரி: ‘மவுஸைப் பிடிக்கும் முன் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்ளவும். அது ஓடிப்போகாது. கழுத்தை நெரிக்க வேண்டாம்.’

மாணவர்கள் வந்தார்கள். படிப்புதான் முழுதாக ஏறவில்லை. கொளஞ்சிநாதனுக்குத் திறக்க மட்டும் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் மெஷினைத் திறந்து முடிப்பதற்குள் குறிஞ்சிப்பாடி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், ஓடிவிடுவார். பன்னீர்செல்வம் டூட்டி முடிந்து கடைசியில் வந்து சேருவார். அவருக்கு நிறுத்த மட்டும் தெரியும். பக்கத்து வீட்டு ஜானகியம்மாளுக்குத் திறக்கவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. கை பழகட்டும் என்று முதல் வாரத்தில் இசக்கிமுத்து கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட உட்கார வைத்தார், இரண்டு வருஷமாக அவள் அதை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளிநாட்டுக்குப் பேசுவது எட்டாவது பாடம். அதுவரைக்கும் யாரும் வரவில்லை.

தமயந்தி ஒரே ஒரு நாள் வகுப்புக்குப் போனாள். ஒரு படத்தின் மேல் அம்பை வைத்து இரண்டு தட்டுத் தட்டச் சொன்னார். தட்டினாள். திறக்கவில்லை. அவள் எதையும் நிதானமாகச் செய்கிறவள். ஒரு தட்டு, பிறகு மூச்சு விட்டுவிட்டு இன்னொரு தட்டு. பன்னிரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பத்துப் பேர் முன்னால் அவர், “நீ தட்டுற வேகத்துல நான் பெல்ட் ஓட்டினா பவர் ஹவுஸ்ல அடுப்பு அணைஞ்சு போகும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தமயந்தி மவுஸை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, “நீங்களும் ஒங்க மெஷினும்” என்று அடுக்களைக்குப் போனவள்தான். அன்றைக்கு ராச் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான். அதற்கப்புறம் மகளோடு பேசுவதென்றால் அவர் திறந்து வைப்பார். இவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பேசுவாள்.

இப்போது போனை வைத்துவிட்டு நேராகப் போய், சிவப்பு அட்டையில் கை வைத்தாள்.

“தமயந்திம்மா, அத எடுக்காதீங்க,” என்றார் பன்னீர்செல்வம்.

“ஏன்?”

“மாட்டினவன்தான் எடுக்கணும். முப்பத்தி நாலு வருஷம் எங்க பெல்ட்ல ஒருத்தன் விரல்கூடப் போகல. ஏன்னா, அடுத்தவன் கார்ட அடுத்தவன் தொட்டதில்ல.”

“கம்ப்யூட்டர் கடையில ஆள் கூப்பிட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“யார் வந்தாலும் கார்டு எறங்காம சுவிட்ச் போட முடியாது. பாதி வேலைன்னு எழுதியிருக்கான். உள்ள என்னத்தப் பிரிச்சு வச்சிருக்கானோ. போட்டு எதாச்சும் புகைஞ்சு போச்சுன்னா, அப்புறம் அந்தப் பொண்ணு மொகத்துல முழிக்க முடியுமா?”

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கூடத்தில் இருந்த சுரங்கத்து ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். தமயந்திக்கு வந்ததே கோபம்.

“மாட்டினவரு எந்திரிச்சு வந்து எடுப்பாரா? சொல்லுங்க, எந்த ஷிஃப்டுக்கு வாராரு?”

பன்னீர்செல்வம் அட்டையின் பக்கம் கையை நீட்டினார்.

“அதுக்கும் ரூல் இருக்கும்மா. ஆளு கார்ட மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டான்னா, ஷிஃப்ட் இன்சார்ஜ் நேர்ல போயி, அவன் பெல்ட் மேல இல்லன்னு கண்ணால பாக்கணும். பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடணும். ரெண்டு தடவ இன்சார்ஜ். மூணாவது, யாரு அடுத்து மெஷின ஓட்டப் போறாங்களோ அவங்க. பதில் வரலன்னா, அவங்க கையெழுத்துப் போட்டு கார்ட எடுத்துக்கலாம். அப்புறம் மெஷின் அவங்க பொறுப்பு. அடுத்தவன் கை வைக்கக் கூடாது.”

“சரி. கூப்பிடுங்க.”

“ஓட்டப் போறது யாரு?”

கொளஞ்சிநாதன் ஜானகியம்மாளைப் பார்த்தார். ஜானகியம்மாள் கூரையைப் பார்த்தாள்.

“நான்தான்,” என்றாள் தமயந்தி.

பன்னீர்செல்வம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஐஸ் பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் நின்றார். சுரங்கத்தில் இரண்டு பர்லாங் தூரத்துக்குக் கேட்கிற தொண்டை அவருக்கு.

“இசக்கிமுத்து!”

வெளியே மேளம் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“இசக்கிமுத்து...” இரண்டாவது தடவை கூப்பிட்டது வாசலுக்குக்கூடக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

தமயந்தி பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ‘இந்தாங்க’, ‘ஏங்க’, கோபம் வந்தால் ‘ஒங்களத்தான்’. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். கண்ணாடிக்குள் அவர் மூன்று பொத்தான் போட்ட சட்டையோடு, காது கேட்காதவர் மாதிரி படுத்திருந்தார்.

“இசக்கிமுத்து,” என்றாள் மெதுவாக.

பெண்கள் பக்கம் ஓவென்று அழுகை வெடித்தது. தமயந்தியும் அழுதாள். அழுதுகொண்டே பன்னீர்செல்வத்தின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அட்டையின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அதைச் சுவிட்சிலிருந்து எடுத்தாள்.

“பதில் வரல. மெஷினப் போடுங்க,” என்றாள்.

திறப்பது கொளஞ்சிநாதனின் பாடம். பொறுப்பாளி சொன்னால் சுவிட்சைப் போட ரூலில் இடம் உண்டு. அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பெல்ட் கிளம்புவதற்கு முன் சங்கு ஊதுகிற மாதிரி, கம்ப்யூட்டரைப் போடும் முன்னும் குரல் கொடுக்க வேண்டும் என்பது இசக்கிமுத்துவின் சட்டம். சாவு வீட்டில் எப்படிக் கத்துவது என்று யோசித்து, அடித் தொண்டையில், “கெளம்புது, ஒதுங்கிக்குங்க,” என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். மோடத்தில் பச்சை விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நாலும் எரிந்தன. எதுவும் புகையவில்லை.

“என் பாடம் முடிஞ்சிதுங்க அண்ணி,” என்று எழுந்து இடம் விட்டார்.

திரை வெளிச்சமானதும் ஜானகியம்மாள் பதறிவிட்டாள்.

“ஐயோ, சீட்டக் காணோமே. எல்லாத்தையும் எடுத்துட்டாரே மனுஷன்.”

வழக்கமாகப் பலசரக்குக் கடை மாதிரி படம் படமாக அடுக்கியிருக்கும் திரையில் இப்போது இரண்டே படங்கள்தான் இருந்தன. பெரிது பெரிதாக. ஒன்றில் மகளின் முகம். கீழே கொட்டை எழுத்தில் ‘இளவேனில்’. இன்னொன்றில் ஒரு சிவப்பு வட்டம், ‘நிறுத்து’.

தமயந்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். அம்பு திரையெல்லாம் ஓடியது. ஜானகியம்மாள் பின்னால் நின்று, “கழுத்த நெரிக்காத, கழுத்த நெரிக்காத” என்று இசக்கிமுத்துவின் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக அம்பு மகளின் நெற்றியில் வந்து நின்றது.

“இப்ப டக்டக்குனு ரெண்டு. வேகமா. ஒன் வேகத்துல தட்டினா தெறக்காது தமயந்தி.”

தமயந்திக்கு வகுப்பில் கேட்ட அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. வேகமும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. ஒரு தட்டு. மூச்சு. இன்னொரு தட்டு.

திறந்துகொண்டது. மணி அடிக்க ஆரம்பித்தது.

“எனக்கு ஒரு நாளும் இப்படித் தெறந்ததில்லியே,” என்றாள் ஜானகியம்மாள், கொஞ்சம் பொறாமையோடு.

திரை முழுக்க இளவேனிலின் முகம் வந்தது. அழுது வீங்கிய முகம். அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நிமிஷம் எல்லாமே மறந்துபோய்விட்டது.

“அம்மா... நீங்களா தெறந்தீங்க?”

“நான்தான்.”

“அப்பா எங்கம்மா?”

கொளஞ்சிநாதன் மானிட்டரின் தலையில் இருந்த கேமராவைக் கழற்றி, ஒயர் எட்டுகிற மட்டும் கையை நீட்டிப் பெட்டிப் பக்கம் காட்டினார். மாசமாக இருக்கிற பெண் பார்க்கக் கூடாது என்று மூலையில் யாரோ முணுமுணுத்தார்கள். தமயந்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

மெல்போர்னில் இளவேனில் அழுதாள். கூடம் முழுக்க அவள் அழுகை கேட்டது. கொளஞ்சிநாதன் கேமராவை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு, அவரும் அழுதார். ரொம்ப நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

“சித்தப்பா, கொஞ்சம் கீழ காட்டுங்க. என்னம்மா இது, மீசையெல்லாம் வெள்ளையா இருக்கு?”

எல்லாரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். மெய்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசுகிற மை இந்த வாரம் தவறிவிட்டிருந்தது.

“டை அடிக்காம நைட் ஷிஃப்டுக்குக்கூட போக மாட்டாரும்மா அப்பா. இப்படியா அனுப்பப் போறீங்க?”

அப்புறம் நடந்ததை டவுன்ஷிப்பில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். குளியலறை அலமாரியிலிருந்து மைப் பாக்கெட் வந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். தேங்காய்த் தொட்டியில் குழைத்து, பழைய பல் பிரஷ்ஷால் பன்னீர்செல்வமே பூசினார். இளவேனில் ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வேலை வாங்கினாள்.

“எடது பக்கம் விட்டுப் போச்சு மாமா.”

“எனக்கு எடதா, ஒனக்கு எடதா?”

“அப்பாவுக்கு எடது. கன்னத்துல படுது பாருங்க, தொடைங்க. ம். நுனிய லேசா முறுக்கி விடுங்க.”

முறுக்கிவிட்டார். இசக்கிமுத்து பத்து வயது குறைந்து, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி ஆகிவிட்டார். “மாப்புள கணக்கா இருக்குதே அண்ணன்,” என்றார் கொளஞ்சிநாதன். தமயந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளாக்கும் என்று ஜானகியம்மாள் தோளைத் தொட்டாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் பெட்டிக்கு மாலையைப் போட்டுவிட்டு, இரண்டடி நகர்ந்து, கம்ப்யூட்டர் முன்னால் வரிசையில் நின்று மகளிடம் துக்கம் கேட்டார்கள். “சாப்பிட்டியாம்மா?” “தேதி எப்ப குடுத்திருக்காங்க?” “அழாத, வயித்துல இருக்கறது கேக்கும்.” முதல் வகுப்போடு நின்றுபோன ஒருவர் திரையைக் கும்பிட்டுவிட்டுப் போனார். இளவேனில் எல்லாருக்கும் பதில் சொன்னாள். உட்கார்ந்திருந்தாள். வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நீர்மாலைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து, குளிப்பாட்டி, நாலு மணிக்குத் தூக்கினார்கள். தோள் கொடுக்கப் போக வேண்டும் என்று கொளஞ்சிநாதன் கேமராவை ஜானகியம்மாள் கையில் கொடுத்தார். ஒயர் இழுக்கிற வரைக்கும், வாசல்படி வரைக்கும் அவள் அதை நீட்டிப் பிடித்தாள். மேளச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. பன்னீர்செல்வமும் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்.

பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்கள். தமயந்தி மட்டும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, நீங்களும் போயி தலைக்குக் குளிங்க. நானும் குளிச்சிட்டு ஒரு மணி நேரத்துல வர்றேன். நீங்களே கூப்பிடுவீங்கதானே?”

“கூப்பிடுதேன்.”

மகள் மறைந்து மறுபடியும் இரண்டு படங்கள் வந்தன. தமயந்தி ‘நிறுத்து’ என்பதைப் பார்த்தாள். நிறுத்தினால் திரும்பத் திறக்கக் கொளஞ்சிநாதன் சுடுகாட்டிலிருந்து வர வேண்டும். நிறுத்தாமல் விட்டுப் போகலாமா என்று நோட்டில் ஏதாவது எழுதியிருப்பாரே என்று இழுப்பறையிலிருந்து எடுத்துப் புரட்டினாள். எட்டாவது பாடத்துக்கு அப்புறம், கடைசிப் பக்கத்தில், தலைப்பு இல்லாமல் நாலு வரி இருந்தது. தேதி முந்தாநாள்.

‘1. வேண்டாத படங்களை எடுத்தாயிற்று.

2. எழுத்தும் படமும் பெரிசு பண்ணியாயிற்று.

3. இரட்டைத் தட்டின் வேகத்தைக் கடைசி அளவு வரை குறைத்தாயிற்று. அவள் மெதுவாகத் தட்டினாலும் மெஷின் காத்திருக்கும்.

4. அவளிடம் சொல்ல வேண்டும்.’

முதல் மூன்றுக்கும் எதிரே டிக் இருந்தது. நாலாவதுக்கு இல்லை.

தமயந்தி அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. “வாயத் தெறந்து சொல்லுததுக்கு என்னவாம்,” என்று காலியான கூடத்தைப் பார்த்துச் சண்டை போட்டாள். “பெரிய பெல்ட் ஆபரேட்டரு.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னீர்செல்வத்திடம் திருப்பிக் கொடுக்க மறந்த பேனாவால், நாலாவதுக்கு எதிரே நிதானமாக ஒரு டிக் போட்டாள்.

“தமயந்தி, தண்ணி எடுத்து வச்சாச்சு, வா,” என்று ஜானகியம்மாள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

சீட்டைத் தேடி அவள் கை வைத்தாலும் வைப்பாள். தமயந்தி மேசை மேல் கிடந்த சிவப்பு அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதி, நூலைச் சரிபண்ணி, மெஷினை நிறுத்தாமலே சுவிட்சில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

‘இயக்காதே. ஆள் வேலையில். பெயர்: தமயந்தி. காரணம்: குளித்துவிட்டு வருகிறேன்.’